படிப்பு முடியுமுன் ஆடுகளம் சென்றவர்கள்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



விளையாட்டைப் பற்றிப் பேச வந்தவன் கபடியைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எண்ணியிருக்கக் கூடும். கபடிக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களை அமெரிக்க நாட்டிற்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். கல்லூரியில் படிக்கும் பிள்ளை, படிப்பு முடியுமுன்பே, சம்பளத்திற்கு ஆடும் குழுவில் சேரலாமா என்னும் கேள்வியை அந்நாட்டார் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வருகிறார்கள். அவர்கள் பட்டறிந்தது நமக்கும் பயன்படும்.

மிஸ்ஸிஸிப்பி ராஜ்யம் பருத்தி விளையும் பூமி. அங்கே சில்வர் சிட்டி என்னும் சிற்றூரில் 1949-ஆம் ஆண்டு ஸ்பென்சர் ஹேவுட் என்பவர் பிறந்தார். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம். தாயோடு சேர்ந்து அவரும் சிறு வயதிலேயே கூலிக்குப் பருத்தி எடுத்தார். நெடிய உருவம், கூடைப்பந்தில் அபாரத் திறமை. 1968-ல் மெக்ஸிகோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்ற அமெரிக்கக் குழுவில் அவர் இருந்தார். டெட்ராய்ட் பல்கலைக் கழகத்திற்காக ஓராண்டு ஆடிய பின், 1969-ல் படிப்பை விட்டுவிட்டு டென்வர் நகரத்துத் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதை விட்டு ஸியாட்டில் குழுவிற்குப் போனார். அங்கேதான் வழக்கு மூண்டது.

ஸியாட்டில் குழு தேசியக் கூடைப்பந்து சங்கத்தைச் சேர்ந்தது. உயர்நிலைப் பள்ளியை முடித்து நான்கு ஆண்டுகள் கழியாத எவரையும் சேர்க்கக் கூடாதென்பது அச்சங்கத்தின் விதி. படிப்பின்மேல் உள்ள அக்கறையால் செய்த விதி என்றார்கள். என் அபிப்பிராயத்தில் அதில் பாதிதான் உண்மை. கல்லூரிகள் தம் செலவிலேயே பிள்ளைகளைப் பழக்கி அனுப்பி வந்தால், குழு முதலாளிகளுக்கு அது செலவில்லாத நாற்றங்கால் அல்லவா? 1971-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஹேவுட் ஆடுவதைத் தடுக்கக் கூடாதென்று உத்தரவிட்டது. பின்னர் சங்கமும் இறங்கி வந்து, குடும்பக் கஷ்டம் உள்ளவர்கள் முன்னதாகவே வரலாம் என்றது. 1976-ல் அந்த நிபந்தனையையும் நீக்கிவிட்டது.

இவ்வழக்கில் நம்மவர் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. டென்வர் ஒப்பந்தத்தில் பெருந்தொகை பேசப்பட்டது. ஆனால் அதன் பெரும்பகுதி பல ஆண்டுகள் கழித்துச் சிறுகச் சிறுகக் கிடைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. பேசிய தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு என்பதே தகராற்றின் வேர். கரும்புக்கும் நெல்லுக்கும் ஒப்பந்தம் எழுதிப் பழகிய உங்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வாசல் திறந்தபின் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. கெவின் கார்னெட் 1995-லும், கோபி பிரயண்ட் 1996-லும், லெப்ரான் ஜேம்ஸ் 2003-லும் கல்லூரியை மிதியாமலே பள்ளியிலிருந்து நேரே வந்து பெரும் புகழடைந்தார்கள். 1998-ல் அப்படியே வந்த கோர்லியோன் யங் என்பவரோ தேசியச் சங்கத்தில் மொத்தம் மூன்றே ஆட்டங்கள் ஆடினார். சம்பளத்திற்கு ஆடியவர் மீண்டும் கல்லூரிக் குழுவில் சேர முடியாதென்பது அக்காலத்து விதி. முன்னேயும் வழியில்லை, பின்னேயும் வழியில்லை. 2005-ல் சங்கமும் ஆட்டக்காரர்களும் உடன்பட்டு, 19 வயது நிரம்பி, பள்ளி முடிந்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டுமென்று புது விதி செய்தனர். அதன் பயன், பலர் கல்லூரியில் ஓராண்டு மட்டும் இருந்து ஓடுவதே!

கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் முதல் தரத்தில் கூடைப்பந்து ஆடும் கல்லூரிகள் 350-க்கு மேல். சங்கக் குழுக்கள் முப்பதும் ஆண்டுதோறும் இரண்டு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும் புதியவர் சுமார் 60 பேர்; அவர்களிலும் சிலர் வெளிநாட்டார். முதல் சுற்றில் வருபவருக்கு இரண்டாண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் வருபவருக்கு அந்த உறுதியும் கிடையாது.

ஆயினும், விட்டுப் போவதே பிழை என்று நான் சொல்ல மாட்டேன். நாற்றுக்கு ஒரு வயது உண்டு. குறுவைக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று. மைக்கேல் ஜோர்டான் மூன்றாம் ஆண்டில் கல்லூரியை விட்டார். 1986-ல் பட்டத்தை முடித்தார். 1992-ல் விட்டுப் போன ஷகீல் ஓனீல், தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி, 2000-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். வின்ஸ் கார்ட்டரின் செய்தி சுவையானது. 2001 மே 20-ஆம் தேதி காலையில் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டு, விமானமேறி, அன்றே முக்கியமான ஆட்டத்தில் இறங்கினார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து கூடையில் விழவில்லை. ஒரே புள்ளியில் அவர் குழு தோற்றது. விழாவிற்குப் போனதுதான் காரணமென்று ஏசியவர்கள் உண்டு. ஆட்டம் போயிற்று, பட்டம் இருக்கிறது. டிம் டங்கன் மட்டும், தாய்க்கு அளித்த வாக்கைக் காத்து, நான்காண்டும் படித்து முடித்தே 1997-ல் சென்றார். அவ்வாண்டு முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே.

இப்பொழுது நிலைமை மாறி வருகிறது. 2021-லிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரைக் கொண்டு விளம்பரப் பணம் பெறலாம்; 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழியுண்டு. ஆகவே அவசரமாய் வெளியேறுவோர் தொகை குறைந்திருக்கிறது. வறுமை பிள்ளைகளைத் துரத்திற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நம் கபடி. 2014-ல் புரோ கபடிப் போட்டி தொடங்கியதிலிருந்து கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஏலத்தில் விலை பேசப்படுகிறது. சந்தோஷமே. ஆனால் முழங்கால் ஒரு முறை முறிந்தால் அடுத்த ஏலத்தில் பெயர் வராது. விளையாட்டு வீரருக்கென ஒதுக்கிய அரசாங்க வேலைக்கும் அதற்குரிய கல்வித் தகுதியைக் காட்டியே தீர வேண்டும்.

அமெரிக்க பேஸ்பால் குழுக்களிடம் ஒரு நல்ல வழக்கமுண்டு. இளைஞன் ஒப்பந்தம் எழுதும்போதே, பின்னாளில் அவன் கல்லூரிக்குத் திரும்பினால் ஆகும் செலவைக் குழுவே கொடுக்குமென்று ஒரு ஷரத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டத்தை விட்ட இரண்டாண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும். கேட்டவனுக்குத்தான் இந்த ஷரத்து, கேளாதவனுக்கு இல்லை.

உங்கள் ஊர்ப் பையனைக் குழுவினர் அழைத்தால், கையொப்பமிடுமுன் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு தொகை என்பதோடு, எந்தத் தேதியில் கைக்கு வரும், காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். படிப்புச் செலவு ஷரத்தையும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கல்லூரி முதல்வரைப் பையனுடன் சென்று கண்டு, விடுப்பில் போய்த் திரும்ப இடமுண்டா என்று விசாரியுங்கள். இல்லையெனில் 2002-ல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் அஞ்சல் வழியாகத் தொடரலாம். விடை தெரியும் வரையில் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட வேண்டாம்.