கைத்தொலைபேசியும் நமது உரிமையும்



நம் ஜொகூர் மாநிலத் தோட்டப்புறங்களில் வயது முதிர்ந்தோர் சிலருக்கு அவசரகாலம் இன்னும் நினைவிருக்கும். 1948ஆம் ஆண்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடையாளக் கார்டும் அதே ஆண்டில்தான் வந்தது. சிதறி வாழ்ந்த மக்களை வேலிக்குள் குடியமர்த்தும் பிரிக்ஸ் திட்டம், 1950 ஜூன் மாதம் ஜொகூரில் தொடங்கியது. தோட்ட லயங்களையும் கம்பி வேலி சூழ்ந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பது அரசின் நோக்கம். ஆகவே, அதிகாலையில் பால்மரம் வெட்டப் புறப்பட்டவர்களை வாசலிலேயே நிறுத்திச் சோதித்தார்கள். வெட்டுக்குப் போகிறவர் ஒரு பிடி சோறுகூடக் கொண்டு போக முடியாத காலம் அது. 1960இல் அந்த அவசரகாலம் முடிவுற்றது.

அன்று சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்கள். இன்று சாலையில் நிறுத்தப்படும் நம் பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டச் சொல்லக்கூடும். பாத்திரத்தில் சோறு மட்டுமே இருந்தது. தொலைபேசியிலோ தாயாரின் மருத்துவச் சீட்டு, வங்கிக் கணக்கு, சகோதரியின் படங்கள், சங்கத்து நண்பர்களுடன் பேசியவை யாவும் இருக்கின்றன. வீடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

2019 நவம்பரில் அப்போதைய உள்துறைத் துணையமைச்சர் மக்களவையில் பதிலளித்தபோது, ஆபாசமான அல்லது மிரட்டலான செய்திகள் உள்ளனவா என்று அறியக் கைத்தொலைபேசியைச் சோதிக்கப் போலீசாருக்கு அதிகாரம் உண்டு என்றார். பொதுமக்கள் தம் உரிமைகளை அறிந்திருக்க வேண்டும், போலீஸ்காரரின் அடையாளத்தைக் கேட்கலாம் என்றும் அவரே சொன்னார். சந்தேகம் ஏதுமில்லாத ஒருவரை வழியில் நிறுத்தி இப்படிச் சோதிக்கலாமா என்று வழக்கறிஞர்கள் வினா எழுப்பினர்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு, சட்டப்படி நடக்கும் சோதனையில் மின்பதிவுகளைப் பார்க்கவும் கடவுச்சொல்லைக் கேட்கவும் அனுமதிக்கிறது. அந்த அதிகாரம் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரிக்கே உரியது. கூட்டரசு அரசியல் சட்டத்தின் 5ஆம் பிரிவு தனிமனித சுதந்திரத்தைக் காக்கிறது. அந்தரங்க உரிமையும் அதனுள் அடங்கும் என்று நம் கூட்டரசு நீதிமன்றம் சிவராசா வழக்கில் கூறியுள்ளது.

ஆகவே, அதிகாரம் உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. இரண்டையும் நாம் அறிந்திருக்க வேண்டும். மோசடிக்காரரையும் போதைப்பொருள் விற்பவரையும் பிடிக்கப் போலீசார் தேவை. அவர்களிடம் சண்டையிடுவதும், தொலைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடுவதும் நமக்கே வினையாகும்.

பணிவுடன் சில கேள்விகளைக் கேட்கலாம். "ஐயா, தங்கள் பெயர் என்ன? எந்த நிலையம்? எந்தக் குற்றத்தின் பேரில் பார்க்கிறீர்கள்?" சீருடை அணியாதவரிடம் அதிகார அட்டையைக் காட்டும்படி கேட்கலாம். வழக்கறிஞர் மன்றத்தின் 'சிவப்புப் புத்தகம்' இதை விளக்குகிறது: நீல அட்டை இன்ஸ்பெக்டருக்கும் மேலதிகாரிகளுக்கும் உரியது; மஞ்சள் அட்டை அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உரியது; சிவப்பு அட்டை வைத்திருப்பவர் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர். பெயர், எண், இடம், நேரம் ஆகியவற்றை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைக்க வேண்டும். கைது செய்யப்பட்டால், காரணத்தை அறியவும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவிக்கவும் 28ஏ பிரிவு உரிமை தருகிறது.

முறைகேடு நடந்தால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமோ, 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுதந்திரப் போலீஸ் நடத்தை ஆணையத்திடமோ புகார் செய்யலாம்.

வேலி வாசலில் நின்ற நம் முன்னோருக்குக் கேள்வி கேட்க வழியில்லை. நமக்கு அந்த வழி இருக்கிறது. இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் இவற்றைச் சொல்லி வைப்போம். தலை குனியாமல், குரல் உயர்த்தாமல் கேட்கப் பழக்குவோம்.