கும்பப்பூ அறுத்த வயலில் கிரிக்கெட்

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திற்பரப்பு அருவி என்று ஒரு வரிசை மனதில் ஓடும். இன்று அந்த வரிசையில் சேராத ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், அறுவடை முடிந்து கிடக்கும் வயல். பங்குனி மாதம் ஒரு சனி, ஞாயிறில் பழைய கூட்டாளிகள் நாங்கள் அங்கே கூடி டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களும் உண்டு, துபாயிலிருந்து விடுமுறையைக் கணக்குப் பார்த்து வருகிறவரும் உண்டு. எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். முழங்கால் வலியைப் பற்றி வயலில் இறங்கும்வரைதான் பேச்சு.

நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறினால் முதலில் புத்தேரி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தது தேரூரில். பிற்காலத்தில் வாழ்ந்தது இந்தப் புத்தேரியில். குளத்தைக் கடந்து இறச்சகுளம் வந்துவிட்டால் வடக்கே தாடகை மலை முழுசாகத் தெரியும். நெற்றி, மூக்கு, மார்பு என்று ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கும் தோற்றம். இராமன் அம்பு பட்டு விழுந்த தாடகைதான் மலையாகிப்போனாள் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த மலையடிவாரத்தில்தான் தோழர் ஜீவா 1907இல் பிறந்த பூதப்பாண்டி. ஊருக்கு முன்னும் பின்னும் வயல்.

இந்த ஆடுகளம் வருஷம் முழுக்க இருக்காது. பேச்சிப்பாறை அணையிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்கள். பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். 1906இல், ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சிக் காலத்தில் கட்டி முடித்த அணை அது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் வருகிற மாதங்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவும் (நெல் போகத்தை இங்கே பூ என்போம்) விளைந்துவிடும். மடை அடைத்து, சானல் வறண்டு, மாசியில் கும்பப்பூ அறுத்த பிறகு மண் இறுகும். அடுத்த உழவு வரைக்கும் கொஞ்ச வாரங்கள். அவ்வளவுதான் எங்களுக்கு வாய்த்த காலம்.

கனடாவில் இதே மாதிரி ஒன்று நடக்கிறது. அங்கே குளம் உறைந்தால் மட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் பிளாஸ்டர் ராக் என்ற சின்ன ஊரில் 2002 முதல் குள ஹாக்கிக்கு உலகப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். அணிக்கு நாலு பேர் களத்தில், கோல் காப்பவர் கிடையாது. மார்கழியிலும் வியர்க்கிற நம்மூரில் குளம் உறைய வழியில்லை. ஆனாலும் பருவம் பார்த்து, தண்ணீர் விடுகிற இடத்தில் ஆடுகிற அந்த மனிதர்கள் எனக்கு ரொம்ப நெருக்கமாகத் தெரிகிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் பிட்ச் போடுகிற வேலை. எந்த வயல் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. வயலுக்குச் சொந்தக்கார மாமா வரப்பில் நின்று சொல்வார்: "மக்கா, மேல வயல்ல ஆடுங்கோ. கீழ உளுந்து வெதச்சிருக்கு, அதுல மட்டும் எறங்கப்பிடாது, கேட்டியளா?" மேட்டு வயல்தான் முதலில் காயும். அதிலும் அறுப்பு மிஷின் ஈரத்தோடு இறங்கியிருந்தால் சக்கரத்தடம் பள்ளமாகி அப்படியே காய்ந்து கிடக்கும். அந்தத் தடங்களுக்கு நடுவே இருபத்திரண்டு கஜம் தேடிப் பிடிக்க வேண்டும். அரிவாளால் தாளை ஒட்ட அறுத்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, பலகையால் அடித்து, விடியும்வரை விட்டுவிடுவோம். காலையில் கால் வைத்தால் மண் கிண்ணென்று இருக்கும். அதைச் சுற்றிலும் விரல் நுழைகிற வெடிப்பு. ஸ்டம்பு ஊன்றச் சுத்தியல் வேண்டாம், வெடிப்பு பார்த்துச் செருகினால் போதும். பந்து வெடிப்பின் விளிம்பில் பட்டால் எங்கே திரும்பும் என்பது போட்டவனுக்கே தெரியாது. வேகப்பந்து வீசுகிறவர்கள் இங்கே பாவம். மெதுவாகத் தூக்கிப் போடுகிறவனுக்குத்தான் விக்கெட்.

வரப்பைத் தொட்டால் நாலு. தென்னந்தோப்புக்குள் நேராகப் போய் விழுந்தால் அவுட். குளத்தில் விழுந்தாலும் அவுட். அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும். வெறுங்காலோடு ஓடினால் தாள் குத்தும், செருப்போடு ஓடினால் கட்டியில் இடறும். இதற்கு இன்றுவரை எங்களில் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. வைக்கோல் கட்டுகளை வரிசையாக உருட்டிப் போட்டு, பேட்டிங் முறைக்குக் காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஞாயிறு காலை ஆட்டம் சூடு பிடித்திருக்கும்போது வாத்துக் கூட்டம் வரும். நீளக் கம்போடு இரண்டு பேர் நூற்றுக்கணக்கான வாத்துகளை வயலுக்கு வயல் ஓட்டி வருவார்கள். உதிர்ந்த நெல்லைப் பொறுக்க வருகிற கூட்டம் அது. பிட்ச்சின் குறுக்கே அவை கடந்து போகும்வரை ஆட்டம் நிற்கும், யாரும் விரட்ட மாட்டோம். வயலில் அவற்றுக்கு வேலை இருக்கிறது; நாங்கள் விளையாட வந்தவர்கள். கிழக்குப் பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் அந்த வாடையும் காற்றோடு வரும். அடுத்த பூவுக்கான உரம் அது.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். பனையேறி இறக்கிய அக்கானி (பதநீர்) கிடைத்தால் அது, இல்லையென்றால் நுங்கு. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் சாளைக் கறியும். மட்டிப்பழக் குலை ஒன்று வரப்பில் தொங்கும். அதற்குப் பிறகு தோப்பு நிழலில் ஒரு தூக்கம், நாலு மணிக்கு மறுபடி ஆட்டம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாங்கள் முன்பு ஆடிய வயல்களில் சில இப்போது இல்லை. ஒன்றில் தென்னை வைத்துவிட்டார்கள், ஒன்று வாழைத் தோட்டம். சாலையோரம் இருந்ததில் மண்ணடித்து நிரப்பி, மனைக்கல் நட்டிருக்கிறார்கள். நெல் போட்டு மிஞ்சுவது என்ன என்று கேட்கிற விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன்; கூலியும் உரமும் விற்கிற விலையில் அவர் கேட்பது நியாயம். ஆனால் நெல் நின்றுபோன வயலில் வாத்துக்காரருக்கும் கிடைக்காரருக்கும் வேலை இல்லை. மழை நாளில் தேங்கி நின்று மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் சாலையில் ஓடுகிறது. பூதப்பாண்டிப் பையன்கள் ஆட இடம் தேடிப் பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பார்த்து நிற்கிறார்கள். நெல்லுக்குக் கட்டுபடியாகிற விலை கிடைத்தால் இத்தனையும் பிழைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்களும் கூட்டாளிகளோடு வரலாம். பங்குனிக்குள் வந்துவிடுங்கள், சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்ததும் பொடிவிதைப்புக்கு உழவு தொடங்கிவிடும். வயலில் இறங்குமுன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உளுந்து முளைத்த வயலைச் சுற்றிப் போங்கள். பாட்டில், பிளாஸ்டிக் பை எதையும் தாளுக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். மாடு மேய்கிற இடம். பந்து மட்டும் நாலைந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், பூதப்பாண்டிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது சிரமம்.