மருந்துத் தெளிப்பானுக்கு எந்த ஸ்பிரிங்?

(வானொலி உரை)



போர்டோ கலவை தயாரிக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு சோதனை தெரியும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஒரு சதவீதக் கலவையைத் தயார் செய்துவிட்டு, பளபளப்பான கத்தி ஒன்றை அதிலே கொஞ்ச நேரம் முக்கி எடுப்போம். கத்தியிலே செம்பு நிறம் படிந்தால் கலவை இன்னும் பக்குவமாகவில்லை, சுண்ணாம்புப் பால் இன்னும் ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். கம்பம் பள்ளத்தாக்கிலே திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறவர்களுக்கு இது கைப்பழக்கம்.

அந்தக் கத்தியிலே என்ன நடந்தது? கரைசலிலே இருந்த செம்பு வெளியே வந்து கத்தியின் மேல் உட்கார்ந்தது. அதற்கு ஈடாகக் கத்தியிலிருந்து கொஞ்சம் இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போய்விட்டது. கனமான கத்திக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் தெளிப்பானுக்குள்ளே மெல்லிய கம்பியாலே சுற்றிய ஸ்பிரிங் இருக்கிறதே, அது சாதாரண இரும்பாக இருந்தால்? பக்குவமான கலவையிலே அரிப்பு குறைவுதான். இருந்தாலும் செம்பு மருந்து எதுவுமே இரும்புக்கும் ஆகாது, நாக முலாமுக்கும் ஆகாது. சாயந்திரம் வேலை முடிந்ததும் கழுவாமல் கொட்டகையிலே மாட்டிவிட்டால், அந்த ஸ்பிரிங் ராத்திரி பூரா மருந்திலே ஊறிக்கொண்டிருக்கும்.

“சின்ன ஸ்பிரிங்குதானே, போனால் வேறே போட்டுக்கலாம்” என்பார்கள். போகிற நேரத்தைப் பொறுத்தது அது. கைப்பிடியிலே இருக்கிற டிரிக்கருக்குள் ஸ்பிரிங் ஒடிந்தால் வால்வு மூடாது. மருந்து நிற்காமல் அடிக்கிற ஆளின் கையிலும் காலிலும் வழியும். நாசிலுக்குப் பின்னாலே சொட்டு நிறுத்துகிற வால்வு இருந்தால் அதற்கும் இதே கதி. தோள்வாரின் கொக்கியும் போல்ட்டும் இற்றுப்போனால் இன்னும் மோசம். 16 லிட்டர் தொட்டி நிறைந்திருக்கும்போது மிஷினோடு சேர்த்து 20 கிலோ வரும். வார் அறுந்து அது சாய்கிறபோது விஷம் எங்கே கொட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெளிப்பானை வாங்குகிறவர் ஒருத்தர், முதுகிலே சுமக்கிறவர் பெரும்பாலும் வேறொருத்தர். வாங்குகிறவர் இதை மனசிலே வைக்க வேண்டும்.

அப்படியானால் எவர்சில்வரிலே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் எவர்சில்வர் என்பது ஒரே ஒரு உலோகம் இல்லை, அது ஒரு குடும்பப் பெயர். இரும்போடு குரோமியம் சேர்ந்ததும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது; அதுதான் துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தால்கூடக் காற்றுப் பட்டு மறுபடி மூடிக்கொள்ளும். இந்தக் குடும்பத்திலே 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202 என்பதிலே நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். விலை மலிவு, தாங்கும் சக்தியும் குறைவு. 316 என்பதிலே நிக்கல் கூடுதலாக இருப்பதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. உப்புக்கு எதிராக அதுதான் நன்றாக நிற்கும்.

கடையிலே எஸ்.எஸ். என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் கொடுப்பார்கள். ஒரு கூட்டத்திலே பெரியவர் ஒருவர் கேட்டார்: “காந்தம் வச்சுப் பார்த்துட்டா தெரிஞ்சிடும்ல சார்? ஒட்டலேன்னா அசலு, ஒட்டினா போலி.” ஊர் முழுக்க இப்படித்தான் நம்பிக்கை. ஐயா, ஸ்பிரிங் விஷயத்திலே காந்தம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். 304 தட்டிலே காந்தம் ஒட்டாது. அதே 304-ஐக் குளிர்ந்த நிலையிலே இழுத்து ஸ்பிரிங் கம்பியாக்கினால் லேசாக ஒட்டும், அது போலியில்லை. மலிவான 202 தகட்டிலோ காந்தம் ஒட்டவே ஒட்டாது. காந்தத்தை நம்பி நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை வாங்கி வருகிறோம்.

அதைவிட நல்ல சோதனை உங்கள் வீட்டு மயில்துத்தத்திலேயே இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரிலே கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு சிறு கரண்டி மயில்துத்தத்தைக் கரையுங்கள். அந்த டம்ளரை அப்புறம் குடிக்க எடுக்கக் கூடாது. ஸ்பிரிங்கின் ஒரு முனையை உப்புத்தாளாலே தேய்த்து, முலாம் இருந்தால் போக்கிவிட்டு, அதிலே ஆறேழு நிமிஷம் போட்டு எடுங்கள். தேய்த்த இடம் செம்பு நிறமாகிவிட்டால் அது வெறும் இரும்பு. கருத்துப் போனால் நாக முலாம் இன்னும் போகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை என்றால் எவர்சில்வர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 304-ஆ 202-ஆ என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு ரகத்தின் எண்ணைப் போட்டு பில் வாங்குவதுதான் வழி. எண்ணை எழுதித் தர மறுக்கிற கடையிலே வாங்காதீர்கள். போல்ட்டாக இருந்தால் தலையைப் பாருங்கள்: ஆங்கில ‘ஏ’ எழுத்தும் 2 என்ற எண்ணும் இருந்தால் 304 வகை, ‘ஏ’யும் 4-ம் இருந்தால் 316 வகை.

எல்லாவற்றுக்கும் 316 வேண்டுமா? வேண்டாம். உள்நாட்டுத் தோட்டத்திலே, நல்ல தண்ணீரிலே, தெளிப்பானுக்கு 304 போதும். அதற்கு மேலே காசு போடுவது வீண். வேதாரண்யம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கிற இடம், உப்புத் தண்ணீர் ஏறுகிற ஆழ்துளைக் கிணறு, இறால் குளத்திலே காற்றுக் கொடுக்கிற மிஷினின் போல்ட்டுகள், இவற்றுக்கு 316 வாங்குங்கள். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் கரைத்து விடுகிற சொட்டுநீர்க் குழாய்ச் சாமான்களையும் இதிலே சேர்க்கலாம். அந்த உரத்திலே பாதிக்குப் பாதி குளோரைடுதான். குளோரைடு வாஷருக்கு அடியிலும் இடுக்கிலும் தங்கி ஊசிக்குத்து மாதிரி பள்ளம் பறிக்கும். 316-கூட அதற்கு முழுசாகத் தப்பாது. பிளீச்சிங் பவுடர் தண்ணீரிலே எந்த எவர்சில்வரையும் ஊறப் போடாதீர்கள்.

பழைய இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதே அளவிலே எவர்சில்வர் ஸ்பிரிங் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கம்பியின் கனம், சுற்று எல்லாம் ஒன்றாக இருந்தாலும் தள்ளுகிற விசை ஏறக்குறைய பத்திலே ஒரு பங்கு குறையும். வால்வு கசிந்தால் ஸ்பிரிங்கைக் கையாலே இழுத்து நீட்டி மாட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. நீட்டின ஸ்பிரிங் கொஞ்ச நாளிலே மறுபடி அமுங்கிவிடும். கொஞ்சம் கனமான கம்பியிலே கேளுங்கள், அல்லது கம்பெனி உதிரிபாகமே வாங்குங்கள்.

பெரிய எவர்சில்வர் தகட்டிலே சின்ன இரும்பு போல்ட்டைப் போட்டு முடுக்காதீர்கள். ஈரம் பட்டால் போல்ட்டு சீக்கிரம் அரித்துப்போகும். தகடு எவர்சில்வர் என்றால் போல்ட்டு, நட்டு, வாஷர் மூன்றும் எவர்சில்வரே இருக்கட்டும். எவர்சில்வர் போல்ட்டிலே எவர்சில்வர் நட்டை வறட்டு வறட்டென்று வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரையிலே கொஞ்சம் கிரீஸ் தடவி மெதுவாக முடுக்குங்கள். சுத்தம் செய்ய இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்து, எவர்சில்வரே துருப்பிடித்த மாதிரி காட்டும். நார் பிரஷ் போதும்.

தெளித்து முடித்த அன்றைக்கே மூன்று தடவை நல்ல தண்ணீர் ஊற்றி, நாசில் வழியாக அடித்து வெளியேற்றி, தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். கழுவின தண்ணீர் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், துண்டாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை. கம்பியின் கனத்தையும் சுற்றின் அகலத்தையும் கடைக்காரர் அதை வைத்தே அளந்துவிடுவார்.