வில்லும் தணிப்பும்



மோட்டார் காரை உறுப்புறுப்பாக விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாமே பூட்டி ஓட்டும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலமாக உண்டு. அத்தகைய வண்டியைக் 'கிட் கார்' என்பர். காலின் சாப்மன் என்னும் பொறியியலறிஞர் 1957-இல் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' இவ்வகையில் புகழ்பெற்றது. முழுக் காராக வாங்கினால் அக்காலத்தில் கொள்முதல் வரி உண்டு. உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டினால் அவ்வரி இல்லை. ஆகவே, பொருள் குறைந்த இளைஞர் பலர் அதனை நாடினர்.

என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர், அந்நாட்டில் பணியாற்றுங்கால் ஒரு கிட் காரைப் பூட்டினார். வளைவுகளில் அது பக்கவாட்டில் சாய்வதைக் கண்டு, சக்கரங்களின்மேல் வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷனைத் திருத்த முற்பட்டார். இருமடங்கு கடினமான சுருள்விற்களைப் பின்புறம் பொருத்தினார். சாய்வு குறைந்தது. ஆனால், மழை பெய்த ஒரு மாலையில், மேடுபள்ளமான வளைவொன்றில் பின்சக்கரங்கள் துள்ளின. கார் சுழன்று வேலியோரம் போய் நின்றது. உயிர் தப்பியது நற்பேறே. "ஐயா, தாங்கள் கற்பித்த விதியைத்தானே பின்பற்றினேன், பிழை எங்கே?" என்று எனக்கு எழுதினார்.

அப்பிழையில் எனக்கும் பங்குண்டு. வில்லின் நீட்சி விசைக்கேற்ப அமையும் என்னும் ஹூக்கின் விதியைக் கரும்பலகையில் எழுதினேன். கணக்கும் போடச் செய்தேன். எடையை இழுத்துவிட்டபின் வில் நெடுநேரம் ஆடியதை வகுப்பே கண்டது. அவ்வாட்டத்தை அடக்குவது எது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அடக்குவது தணிப்பான், 'ஷாக் அப்சார்பர்' என்று பட்டறையில் சொல்வது அதனையே. அதனுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருங்கிச் செல்லும்போது, அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வில்லின் கடினம் இருமடங்கானால், ஆட்டத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 1.4 மடங்காகும். பழைய வில்லுக்கென அமைந்த தணிப்பான் அதற்கு ஈடுகொடாது. சக்கரம் தரையைவிட்டு எழும். தரையைத் தொடாத சக்கரம் பிரேக்குக்கும் அடங்காது, திருப்பத்துக்கும் இணங்காது. சஸ்பென்ஷனின் தலையாய கடமை சக்கரத்தைத் தரையில் நிறுத்துவதே.

மற்றொன்றும் உண்டு. வில்லின் மேலுள்ள எடை வேறு. கீழே சக்கரத்தோடு துள்ளும் எடை வேறு. பழைய செவன் காரில் பின்னச்சும் அதன் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியும் சக்கரங்களோடு சேர்ந்தே துள்ளின. 1973-இல் அக்காரை உருவாக்கும் உரிமை பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனத்தார், 1980-களில் 'டி டியான்' என்னும் அமைப்பை மேற்கொண்டனர். அதில் கனத்த அப்பெட்டி வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டது. சக்கரங்களை இணைப்பது ஒரு குழாய் மட்டுமே. துள்ளும் எடை குறைந்தது. சக்கரம் தரையை விரைந்து பற்றியது. வில்லைக் கடினமாக்காமலும் வண்டியைத் திருத்தலாம் என்பதற்கு இது சான்று.

என் மாணவருக்கு நான் எழுதிய விடை இதுதான்: "பழைய வில்லையே மீண்டும் பூட்டுக. டயரின் காற்றழுத்தத்தை முதலில் சரிபார்க்க. வில்லை மாற்றின் தணிப்பானையும் அதற்கேற்ப மாற்றுக. ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, விளைவைக் குறித்து வைக்க."

சில திங்கள் கழித்து அவரிடமிருந்து மறுமொழி வந்தது: "கார் சற்றே சாய்கிறது ஐயா, ஆயினும் சக்கரங்கள் தரையை விடுவதில்லை."