வீட்டின் விலையும் வீட்டின் காப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசும்படி நமக்கு இட்ட விஷயம், வாடகைக்கு விடும் பொருட்டு வீடு வாங்குவதும், அவ்வீட்டை இன்ஷியூர் செய்து வைப்பதுமாகும். செவிக்கு இனிய விஷயம் அன்று. ஆயினும், நம்மவர் குடும்பங்களிற் பலவற்றின் சேமிப்பு முழுவதும் இப்போது மனையிலும் செங்கல்லிலும் முடங்கியிருக்கிறபடியால், இதைக் குறித்துச் சற்று நேரம் சிந்திப்பது வீண்போகாது என்று நம்புகிறோம்.

நம் முன்னோர் மிச்சம் பிடித்த பணத்தை நிலத்திலும் நகையிலும் போட்டார்கள். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பியவரும், மரவள்ளி பயிரிட்டவரும் கையில் நாலு காசு கண்டால் இன்னும் ஒரு காணி வாங்கவே எண்ணினர். 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. அதன்பின் எண்ணம் மாறிற்று. கலெக்டர் காரியாலயம் வந்தது. அதைத் தொடர்ந்து மற்றக் காரியாலயங்களும் வந்தன. உத்தியோகஸ்தர்களுக்கு வாடகை வீடு வேண்டியதாயிற்று. தைவான் தேசத்துப் பாதரட்சைக் கம்பெனியொன்று 2,302 கோடி ரூபாய் முதலிட்டு, இருபதினாயிரம் பேருக்கு வேலை தருவதாக 2023-ல் நமது ஜில்லாவுக்கென்று ஒப்பந்தம் செய்துகொண்டது. சின்னசேலம்–கள்ளக்குறிச்சி ரயில் பாதைத் திட்டமும் பேச்சில் அடிபட்டது. ஒவ்வொரு செய்திக்கும் மனை விலை ஒரு படி ஏறிற்று. காணியை விற்று மனை வாங்கினோர் உண்டு. வீட்டுப் பெண்களின் தாலிக்கொடி நீங்கலாக மற்றதையெல்லாம் அடகு வைத்து மாடி எழுப்பினோரும் உண்டு.

இது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வாங்குகிறவர் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுத்தல் வேண்டும். ஒரு வீட்டின் விலையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று மண்ணின் விலை. மற்றொன்று கட்டடத்தின் விலை. மண்ணின் விலை நம்பிக்கையால் ஏறுவது. நம்பிக்கை தளர்ந்தால் இறங்குவது. அதற்கு எந்தக் கம்பெனியும் காப்பளிக்காது. கட்டடமோ தீயால், வெள்ளத்தால், புயலால் அழியக்கூடியது. அதற்கே இன்ஷியூரன்ஸ் உண்டு. முப்பத்தைந்து லட்சத்துக்கு வாங்கிய வீட்டை முப்பத்தைந்து லட்சத்துக்கே இன்ஷியூர் செய்ய வேண்டுமென்று எண்ணி, அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கைவிட்டவர்களை நாம் அறிவோம். மண் எரிவதில்லை; கட்டடத்தை மறுபடி எழுப்ப ஆகும் செலவை மட்டும் கணக்கிட்டாற் போதும்.

இங்கே பிற தேசத்துச் செய்தி ஒன்றைக் கூற விரும்புகிறோம். 1666-ல் லண்டன் மாநகரம் பெருந்தீயில் வெந்தது. அதன் பின்னரே வீடுகளுக்குத் தீக்காப்புக் கொடுக்கும் கம்பெனிகள் அங்கே தோன்றின. அன்று தோன்றிய வழக்கம் இன்று அமெரிக்காவில் வீட்டு விலையையே ஆட்டி வைக்கிறது. பிளாரிடா மாகாணத்தில் 1992-ல் ஆண்ட்ரூ என்னும் புயல் அடித்தபோது கம்பெனிகள் பல முறிந்தன. கலிபோர்னியாவில் காட்டுத்தீயின் நஷ்டத்துக்கு அஞ்சி, ஸ்டேட் பார்ம் என்னும் பெருங்கம்பெனி 2023-ல் புதிய வீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திற்று. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரைச் சுற்றித் தெருத்தெருவாய் வீடுகள் எரிந்ததை யாவரும் கேட்டிருப்பீர்கள். அத்தகைய இடங்களில் பிரீமியம் ஆண்டுதோறும் ஏறுகிறது.

பிரீமியம் ஏறினால் வீட்டு விலை ஏன் இறங்க வேண்டும்? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்குத் தொண்ணூற்றாறாயிரம் வாடகை வரும் வீடு ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காப்புச் செலவு ஆறாயிரமானால் மிஞ்சுவது தொண்ணூறாயிரம். போட்ட பணத்துக்கு நூற்றுக்கு ஆறு வீதம் வேண்டுமென்பவர் அவ்வீட்டுக்குப் பதினைந்து லட்சம் கொடுப்பார். காப்புச் செலவு முப்பத்தாறாயிரமாக ஏறினால் மிஞ்சுவது அறுபதாயிரமே. அவர் பத்து லட்சத்துக்கு மேல் கேட்கமாட்டார். சுவரில் ஒரு கல் பெயரவில்லை. ஆயினும் வீட்டின் மதிப்பில் ஐந்து லட்சம் போயிற்று! அங்கே பிரீமியமானது, இவ்விடம் ஆபத்தானது என்று வாங்குவோர் காதில் முன்கூட்டியே ஓதிவிடுகிறது.

நம் நாட்டில் அப்படி ஓதுவார் எவருமில்லை. வீட்டுக்குக் காப்பு எடுப்போர் மிகச் சிலர். எடுப்போரிடமும், இந்தத் தெரு ஏரிக்குள் இருக்கிறது, அந்தத் தெரு மேட்டில் இருக்கிறது என்று அளந்து வேறுபடுத்திப் பிரீமியம் கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகவே பள்ளத்து மனையும் மேட்டு மனையும் சந்தையில் ஒரே விலை பேசுகின்றன. வேறுபாடு தெரிவது மழை வந்த பிறகுதான்.

அம்மழை 2024-ல் வந்தது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறி, அங்கேயே நின்று பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை இரு கரையும் புரண்டது. திருக்கோவலூர்ப் பக்கத்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசாங்கம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. பசித்த வேளைக்கு அது பெரிது. ஆனால் இடிந்த சுவரை எழுப்ப அது எம்மட்டு?

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நமக்கு நெருங்கியவர் ஒருவர் இருக்கிறார். உபாத்தியாயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாங்கிக் கடன் வாங்கி, நான்கு குடித்தனம் இருக்கத்தக்க லைன் வீடு கட்டியிருந்தார். வெள்ளம் வடிந்தபின் நாம் போய்ப் பார்த்தோம். பின்சுவர் படுத்துவிட்டது, மின்சாரக் கம்பியெல்லாம் கெட்டுப்போயிற்று, குடியிருந்தோர் இரு குடும்பத்தார் அன்றே சாமான் ஏற்றினார்கள். "கவலையில்லை தம்பி, பாங்கியில் இன்ஷியூரன்ஸ் காகிதம் இருக்கிறது" என்றார். காகிதம் இருந்தது, அது கடன் கொடுத்த முதல் ஓராண்டுக்கு மட்டுமே எடுத்தது. அதன்பின் புதுப்பிக்கச் சொல்வார் இல்லை, இவரும் கேட்கவில்லை, கடன் தீருமட்டும் காப்பு உண்டென்றே நினைத்திருந்தார். வாடகை நின்றது, தவணை நிற்கவில்லை. மகளின் வளையல் அடகுக்குப் போயிற்று. அன்றிரவு வீடு திரும்பியதும் நாமும் நமது பெட்டியைத் திறந்து காகிதத்தைத் தேடினோம். நம்முடையதும் காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆகையால் அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

இனி, காப்பின் விவரத்தைச் சொல்லுவோம். 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பெயரில் ஒரே மாதிரியான வீட்டுக் காப்பைக் கம்பெனிகள் யாவும் கொடுக்க வேண்டுமென்று இன்ஷியூரன்ஸ் அதிகாரசபை ஏற்பாடு செய்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், மலைச்சரிவு ஆகியவை அதில் அடங்கும். கட்டடத்தின் பரப்பை, சதுர அடிக்கு ஆகும் கட்டுமானச் செலவால் பெருக்கி வரும் தொகையே காப்புத் தொகை. வீட்டுச் சாமான்களுக்கு, கட்டடத் தொகையில் ஐந்திலொரு பங்கு, பத்து லட்சம் வரையில், தனியே கேளாமலே சேரும். வீடு குடியிருக்கத் தகாமற் போன காலத்துக்கு வாடகை நஷ்டமும் உண்டு. வாடகையை நம்பியிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். குடியிருப்போரின் சாமான் நம் காப்பில் அடங்காது. அதை அவர்களுக்குச் சொல்லிவிடுவது மரியாதை. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதை மறைக்காமல் எழுத்திலேயே தெரிவித்துவிடவும் வேண்டும்.

செலவு எவ்வளவு? ஆயிரம் சதுர அடிக் கட்டடம், அடிக்கு 1,800 ரூபாய் எனின், பதினெட்டு லட்சம். லட்சத்துக்கு ஐம்பது ரூபாய் என்று கொண்டால் 900; வரி நூற்றுக்கு 18 சேர்த்து 1,062. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். மாதம் எட்டாயிரம் வாடகை வரும் வீட்டுக்கு இது நாலு நாள் வாடகை! நாலு நாள் வாடகையைக் கொடாமல் நாற்பது வருஷச் சேமிப்பைத் தெருவில் வைத்திருக்கிறோம்.

எனினும், காப்பு எடுத்துவிட்டால் எந்த மனையையும் வாங்கலாமென்று எவரும் எண்ணலாகாது. அந்தக் காகிதத்திலேயே சில விலக்குகள் உண்டு. மண் கொட்டி மேடாக்கிய தரை அமிழ்ந்தால் நஷ்டஈடு இல்லை. புதுக் கட்டடம் தானே இறங்கி விரிசல் கண்டால் இல்லை. ஆறு கரையை அரித்தால் இல்லை. கட்டிய வேலை குறையானால் இல்லை. ஏரி உள்வாயில் மண்ணடித்துக் கல் நட்டு விற்கும் மனைகளுக்கு வரும் கேடுகளிற் பல இவையே அல்லவா? ஆதலின் மனையைப் பார்க்கப் போகிறவர்கள் கோடையிற் போகாமல் ஐப்பசி, கார்த்திகையிற் போங்கள். கலங்கல் எங்கே, வாய்க்கால் எங்கே என்று அவ்வூர்க் கிழவர்களைக் கேளுங்கள். வில்லங்கச் சான்றோடு நில்லாமல், கிராமக் கணக்கில் அந்தப் புல எண் எப்படிப் பதிந்திருக்கிறதென்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் இட்ட தடையால் எத்தனை பேர் தவித்தனர் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, மலையைப் பற்றி. கோமுகி நதியின் பிறப்பிடமாகிய கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே அங்குள்ள மலையாளி மக்களிற் பலருக்குத் தாம் உழும் நிலத்துக்குப் பத்திரம் என்பதே பிற்காலத்துச் செய்தி. இப்போது வெள்ளிமலைப் பக்கம் விடுதி கட்டலாம், யாத்திரிகர் வருவர் என்று ஆசை காட்டுவோர் நம்மிடமும் வருகின்றனர். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த உரிமை பிள்ளைகளுக்கு இறங்குமேயன்றி விற்கத்தக்கதன்று. நிபந்தனையோடு அரசாங்கம் ஒப்படைத்த நிலமும் அவ்வாறே கவனிக்கத்தக்கது. உரிமையில்லாத இடத்துக் கட்டடத்துக்குக் காப்புக் கோரவும் இயலாது. தனக்குச் சட்டப்படி நஷ்டமாகக்கூடிய பொருளையே ஒருவன் இன்ஷியூர் செய்யலாம் என்பது இத்தொழிலின் மூலவிதி. விதி ஒருபுறமிருக்க, கூரை வேய்ந்த வீட்டில் எந்தக் காப்புமின்றி மழையை எதிர்பார்த்திருக்கும் ஏழைகளின் காலடி மண்ணை மலிவாய்ப் பெறுவது நம் குலத்தார்க்கு அழகன்று.

சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்து முடிக்கிறோம். பத்திரம் படிக்கத் தெரிந்த நம்மவர் இருவர், மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, மனை வாங்குவோரின் காகிதங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கத்தினர் வீடுகளின் காப்பு எந்தத் தேதியில் முடிகிறதென்று ஒரு புத்தகத்தில் எழுதி வைத்து, ஒரு மாதம் முன்பாக அவ்வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்கள் மறப்பார்கள், வளையல் போனவர்கள் மறக்கமாட்டார்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனவுடன் பெட்டியைத் திறந்து, காகிதத்தின் தேதியைப் பாருங்கள்.