வேகத்தில் விக்கும் இஞ்சின்

பிழைப்பை முன்னிட்டுத் தாயகத்தை விட்டு வந்து, தில்லியிலும் புனேயிலும் நாகபுரியிலும் குடியேறியிருக்கும் நம்மவர் சிலரிடம் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் இருக்கக் காண்கிறோம். 1955-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய கம்பெனியின் வண்டி அது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து நாடெங்கும் பரவியது. ஊர்ப்பாசமும் அதில் சிறிது கலந்திருக்கலாம். அத்தகைய வண்டிக்கு வயது ஏறிய பின் வரும் ஒரு தொல்லையைப் பற்றியே இன்று பேச எடுத்துக் கொண்டோம்.

நிற்கும்போது இஞ்சின் சீராக ஓடும். ஐம்பது கிலோமீட்டர் வேகம் வரையில் யாதொரு குறையும் தோன்றாது. அதற்கு மேல் கைப்பிடியை முறுக்கினால் விக்கத் தொடங்கும். சைலன்சரில் 'படார்' என்று வெடிக்கும். இதனைத் தமிழ்நாட்டு மெக்கானிக்கும் 'மிஸ்ஸிங்' என்பார், இந்தி பேசும் மெக்கானிக்கும் 'மிஸ்ஸிங்' என்பார். ஆகவே நோயின் பெயரைச் சொல்வதில் பாஷைச் சிக்கல் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. லாரியை முந்துவதற்காக எதிர்ப்பக்கம் ஏறிய தருணத்தில் இஞ்சின் விக்குமானால் உயிருக்கே ஆபத்து. அதற்கு அஞ்சிப் பட்டறைக்குப் போனாலோ, "இஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்ற தீர்ப்பு எளிதில் கிடைத்துவிடும். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். இஞ்சினைப் பிரிக்காமலே கண்டறியக் கூடிய காரணங்களே மிகுதி என்பது நம் அபிப்பிராயம்.

வேகத்தில் மட்டும் ஏன் விக்க வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு வீச்சு இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி எழ வேண்டும். நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓடும்போது வினாடிக்குப் பத்துப் பொறிகள். 4,800 சுற்றில் வினாடிக்கு நாற்பது. அதாவது, ஒரு வினாடியின் நாற்பதில் ஒரு பங்குக்குள் பாயிண்டுகள் மூடி, காயிலில் மின்சாரம் ஏறி, மீண்டும் பாயிண்டுகள் திறந்தாக வேண்டும். பெட்ரோலும் அதே விகிதத்தில் விரைந்து வந்து சேர வேண்டும். நிதானமாக ஓடும்போது மறைந்து கிடக்கும் சிறு குறை, அவகாசம் குறைந்ததும் வெளிப்பட்டு விடுகிறது.

ஆகையால் முதல் கேள்வி, குறைவது பொறியா, பெட்ரோலா என்பதே. மின்சாரக் கோளாறு சுவிட்சை அணைத்து ஏற்றினாற்போல் வெடுக்கென்று வரும். எரியாத வாயு சைலன்சருக்குள் போய்ப் பற்றுவதால் வெடிச்சத்தமும் பெரும்பாலும் உடன் வரும். பெட்ரோல் பற்றாக்குறையோ, யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் மெல்லத் தோன்றும். கைப்பிடியைச் சற்றுத் தளர்த்தினால் தெளியும். இன்னும் ஐயம் இருந்தால், விக்கும் வேளையில் சோக்கைச் சிறிது போட்டுப் பார்க்கலாம். ஓட்டம் தேறினால் பெட்ரோல்தான் போதவில்லை என்று கொள்ளலாம். இச்சோதனைகளை ஆளரவமற்ற சாலையில் மட்டுமே செய்ய வேண்டும்.

பெட்ரோல் பக்கம் சந்தேகம் விழுந்தால், காசில்லாத சோதனை ஒன்று உண்டு. டாங்கி மூடியில் காற்று புகச் சிறு துவாரம் இருக்கும். அது அடைபட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்க மறுக்கும். மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். நோய் தீர்ந்தால் ஒரு குண்டூசியோடு வேலை முடிந்தது. இல்லாவிடில், கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். தாரை சீராக விழாமல் சொட்டினால் டாங்கிக் குழாயின் வடிகட்டியில் துரு அடைந்திருக்கும். அதற்கும் அப்பால் மெயின் ஜெட். கைப்பிடியை முக்கால் அளவுக்கு மேல் முறுக்கும்போதுதான் இதன் ஆட்சி; ஆதலால் இதில் தூசி அடைத்தால் மெதுவான ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. காற்றால் ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். சப்தத்தின் மேல் மோகம் கொண்டு சைலன்சரை மாற்றிவிட்டு, ஜெட்டை மாற்றாமல், "வண்டி கெட்டுவிட்டது" என்று சொல்லும் இளைஞர்களும் உளர். அவர்கள் வண்டியில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கக் கூடும்.

பொறியின் பக்கம் வருவோம். இங்கேதான் பழைய புல்லட்டின் விஷயம் அதிகம். பாயிண்டுகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம். அது அதிகமாகிவிட்டால், பாயிண்டுகள் மூடியிருக்கும் நேரம் குறைகிறது. காயில் நிறைவதற்குள் திறந்துவிடுகின்றன. மெதுவாக ஓடும்போது இது பொருட்டல்ல, நாற்பது பொறிக் கணக்கில் பொறி மெலிந்து விடும். பாயிண்டின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கதிதான். வேகத்தில் அது துள்ளும், சரியாக அமராது. பாயிண்டுகளுக்கிடையே நீலப்பொறி பளிச்சென்று தாவுவதையும், முகம் குழி விழுந்து கருகியிருப்பதையும் கண்டால் கண்டென்சர் மேல் ஐயம் கொள்க. வண்டி சூடேறிய பிறகே தலைகாட்டும் மிஸ்ஸிங்குக்கு அதுவும் காயிலும் முக்கியமான காரணங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இஞ்சினை ஓடவிட்டுப் பிளக் ஒயரைப் பாருங்கள். ஒயரிலிருந்து உலோகத்துக்குத் தாவும் பொறி இருட்டில் தெரியும். அப்போது ஒயரில் கை வைக்க வேண்டாம். பாட்டரி முனைத் திருகுகளையும் மறக்கலாகாது. வேகம் ஏற ஏற அதிர்வும் ஏறுகிறதல்லவா, தளர்ந்த முனை அங்கே விட்டு விட்டுத் தொடும்.

பொறியும் பெட்ரோலும் சரியாயிருந்தால் மட்டுமே வால்வுகளைச் சந்தேகிக்கலாம். இஞ்சின் குளிர்ந்திருக்கையில் தள்ளுதண்டு விரலால் உருட்டத் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் காட்டக் கூடாது. வால்வு ஸ்பிரிங் நலிந்திருந்தால் உச்ச வேகத்தில் வால்வு உரிய தருணத்தில் மூடாது. அதற்குத்தான் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டும்.

மின்னணு முறையில் பொறி தரும் புதிய வண்டிகளில் பாயிண்டே கிடையாது. அவற்றில் பலவற்றில், குறித்த சுற்றைத் தாண்டினால் இஞ்சினைக் காக்கப் பொறியையோ பெட்ரோலையோ தானே நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அதனை நோயென்று எண்ணிப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.

பட்டறைக்குப் போகவே நேர்ந்தால், விக்கல் எந்த வேகத்தில் வருகிறது, எந்த கியரில் வருகிறது, குளிரிலா சூட்டிலா, சோக் போட்டால் தேறுகிறதா என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். கழற்றிய பிளக்கையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கருத்திருந்தால் மிகுதி, இளம் பழுப்பென்றால் கலவையில் குற்றமில்லை. பாயிண்ட், கண்டென்சர், பிளக் மூன்றையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். பழைய கண்டென்சரை அவர் குப்பையில் எறியுமுன் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். புதியதை மாட்டிய பின்னும் விக்கல் நீங்காவிடில், பழையது கெடாததாகவே இருக்கலாம். வழியில் புதியது கைவிட்டால் அது உதவும்.