இயந்திரம் பேணும் முறை



கேளம்பாக்கம் உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். தொழிற்சாலைகளில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் நான் குடியேறியிருப்பது அவ்வூரில்தான். கோவளத்துப் பக்கமிருந்து வீசும் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. என் வீட்டுச் சன்னல் கம்பி முதல் தெருவிலுள்ள மின்கம்பத்துத் திருகாணி வரை, இரும்பால் ஆன யாவற்றையும் அது சிறிது சிறிதாகத் தின்றுகொண்டேயிருக்கிறது. இரும்பைப் பேணும் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வாய்க்காது என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு.

உப்பளத் தொழிலாளரிடம் நான் ஒரு பாடம் கற்றேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் யாவும் நீரில் மூழ்கிவிடும். மழை நின்றதும் உடனே உப்புநீரைப் பாய்ச்சிவிட மாட்டார்கள். சேற்றை வாரி, வரப்புகளைக் கட்டி, பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். வெயில் நாட்கள் வீணாகின்றனவே என்று அவர்கள் பதறுவதில்லை. கோடையின் நடுவில் வரப்பு உடைந்தால் எத்தனை நாள் விளைச்சல் போகும் என்பதை அவர்கள் அறிவார்கள். வேலை நிற்பது எப்படியும் தவிர்க்க முடியாதது. அது எந்தக் காலத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்துக் கொள்கிறார்கள்.

தொழிற்சாலைப் பராமரிப்பின் சாரமும் இதுவே. பராமரிப்பு என்றதும் பலருக்கு நினைவு வருவது, உடைந்ததைச் சரி செய்தல். அது பழுது பார்த்தல். அதற்குத் திறமை போதும். பராமரிப்பு என்பதோ, இயந்திரம் தானாக நிற்குமுன் நாமாக அதை நிறுத்தும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுதல். அதற்குத் திறமையோடு துணிவும் வேண்டும். அந்தத் துணிவு ஒருமுறை எனக்கு இல்லாமற் போயிற்று.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் நான் இளம் பொறியாளனாக இருந்தேன். அங்கே வயது முதிர்ந்த பிட்டர் ஒருவர் இருந்தார். திருப்புளியின் நுனியைப் பம்பின் உடல்மீது ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பார். ஒருநாள் குறிப்பேட்டில், "மூன்றாம் பம்பு, பேரிங் சத்தம்" என்று எழுதினார். அடுத்த வாரம் மீண்டும் எழுதினார். அதற்கடுத்த வாரமும் எழுதினார். மூன்று முறையும் அதன் கீழே நான் கையெழுத்திட்டேன். மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. உற்பத்திக் கணக்கை நிறைவு செய்ய வேண்டும். ஒன்றாந்தேதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

இருபத்தெட்டாந்தேதி இரவு பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டது. பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங் சிதறிற்று. அருகில் நின்ற இளைஞன் ஒருவன் வலக்கையில் இரு விரல்களை இழந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மறுநாள் காலையில் அந்த முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மூன்று தடவை எழுதினேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். குறிப்பேட்டில் என் கையெழுத்தும் மூன்று இருந்தது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் நான் எதிர்த் திசையில் ஓடினேன். எல்லா இயந்திரங்களையும் நாட்கணக்கு வைத்துப் பிரித்துப் பார்க்கச் செய்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது என்று சுவரில் அட்டவணை தொங்கிற்று. ஆயினும் பழுதுகள் நான் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் சில, பிரித்து மாட்டிய மறுவாரமே தகராறு செய்தன.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் கடலோர விமானப் படையில் வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர் ஆராய்ச்சிப் பணியில் இருந்தார். அப்படையின் விமானங்கள் ஐம்பது மணி நேரம் பறந்ததும் முழுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. அவரும் அவருடைய குழுவினரும் பழுதுக் கணக்குகளை ஆராய்ந்தபோது, சோதனை முடிந்த உடனே பழுதுகள் மிகுந்திருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே வந்தன. அளவு மீறிய சோதனையே புதுக் கோளாறுகளை உண்டாக்கிற்று. இவ்வாராய்ச்சி பற்றிய அவருடைய நூல் 1973ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

1978ஆம் ஆண்டில், அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இரு பொறியாளர்கள் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை இக்கருத்தை உறுதி செய்தது. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளுள், வயது வரம்பு வைத்து மாற்றுவதால் பயன்பெறக்கூடியவை 100க்கு 11 மட்டுமே. எஞ்சிய 89இல் வயது ஏறுவதால் மட்டும் பழுதின் வாய்ப்பு மிகுவதாகக் காணப்படவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை புதிதாகப் பொருத்தப்பட்ட வேளையில்தான் அதிகமாகக் கெட்டன.

அப்படியானால் என் செய்வது? உடையும்வரை விடுவதும் தவறு. நாட்காட்டியைப் பார்த்து எல்லாவற்றையும் பிரிப்பதும் தவறு. இயந்திரத்தின் நிலையை அளந்து, அந்த அளவுக்கேற்ப முடிவு செய்தல் வேண்டும். பேரிங்கின் அதிர்வு, அதன் சூடு, எண்ணெயில் கலந்துள்ள உலோகத் துகள், குழாய்ச் சுவரின் கனம் ஆகிய இவையே இயந்திரத்தின் நாடித்துடிப்பு. முதியவரின் திருப்புளி செய்த வேலையை இன்று மின்கருவிகள் இன்னும் நுட்பமாகச் செய்கின்றன.

எங்கள் ஊருக்குத் தெற்கே, அதே கடற்கரையில் இருக்கும் கல்பாக்கம் இதற்குச் சிறந்த சான்று. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984ஆம் ஆண்டிலும் இரண்டாம் அலகு 1986ஆம் ஆண்டிலும் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கின. உலை ஒன்றுக்கு 306 அழுத்தக் குழாய்கள் உண்டு. எரிபொருள் இருப்பதும், சூடான கனநீர் பாய்வதும் இக்குழாய்களின் ஊடேதான். அவை சிர்க்கலாய் என்ற உலோகக் கலவையால் செய்யப்பட்டவை. 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், கனடாவில் பிக்கரிங் என்னும் இடத்திலிருந்த உலையில் அதே கலவையால் ஆன குழாய் ஒன்று வெடித்துப் பிளந்தது. குழாய் நாளடைவில் தொய்ந்து, தன்னைச் சூழ்ந்த குளிர்ந்த குழாயைத் தொட்டால், தொட்ட இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்து உலோகம் நொறுங்கும் தன்மை அடைகிறது என்பது தெரியவந்தது.

அயல்நாட்டில் நடந்த விபத்து என்று நம்மவர் வாளாவிருக்கவில்லை. குழாய்களின் நிலையைச் சோதித்தறிந்து, முதலில் ராஜஸ்தான் உலை ஒன்றிலும், பின்னர் 2002ஆம் ஆண்டில் தொடங்கிக் கல்பாக்கத்து உலைகள் இரண்டிலும் பழைய குழாய்களை முற்றிலுமாக அகற்றி, நயோபியம் கலந்த புதுக் கலவைக் குழாய்களைப் பொருத்தினார்கள். இரண்டு உலைகளையும் ஒருங்கே நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். 1989ஆம் ஆண்டில் உலைக்குள் ஏற்பட்ட வேறொரு கோளாற்றினால் அலகு ஒன்றின் திறன் 170 மெகாவாட்டுக்குக் குறைக்கப்பட்டிருந்தது. அந்தக் குறையையும் இதே நிறுத்தத்தின்போது தீர்த்து, திறனை மீண்டும் 220 மெகாவாட்டுக்கு உயர்த்தினார்கள். கனடாவில் நேர்ந்ததை எச்சரிக்கையாகக் கொண்டு, அளந்து, காலம் குறித்து, ஒரு நிறுத்தத்தில் இரு வேலைகளை முடித்தனர். திட்டமிடுதல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் அறியேன்.

இதன் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். ஓடும் இயந்திரம் கெட்டால் அதன் ஓசையே நமக்குச் சொல்லிவிடும். ஆபத்துக் காலத்துக்கென்று சும்மா நிற்கும் சாதனம் கெட்டால் யாருக்கும் தெரியாது. போபாலில் 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு நச்சு வாயு கசிந்தபோது, அவ்வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் சாதனம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிடுவதற்கான கோபுரமோ, அரித்துப்போன குழாய்த்துண்டு ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டாமையால் பயன்படாமல் நின்றது. கழற்றப்பட்ட ஒரு குழாய்த்துண்டு! எந்த ஆலையிலும் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஒதுக்கப்படும் சிறு வேலைதான் அது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர்.

இப்பொழுது என் ஊர்ப் பக்கமே திரும்பி வருகிறேன். கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே கோவளம் சென்று, கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் நெம்மேலி. அங்கே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013ஆம் ஆண்டிலும், 15 கோடி லிட்டர் தரும் மற்றொன்று 2024ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கடல்நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே செலுத்த வேண்டும். அதே உப்புநீர் பம்புகளையும் அடைப்பான்களையும் இரவு பகலாக அரித்துக்கொண்டிருக்கும். இத்தகைய நிலையத்தில் ஒரு பம்பு நின்றால் அது ஆலைக் கணக்கில் ஏற்படும் நட்டத்தோடு முடிவதில்லை; தென்சென்னை வீடுகளில் குடங்கள் வரிசையில் நிற்கும். பராமரிப்புக்காக இன்ன நாள் தண்ணீர் வராது என்று அறிவிப்பு வந்தால் நாம் முணுமுணுக்கிறோம். முன்கூட்டிச் சொல்லி நிறுத்தினால் முதல் நாளே நீர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சொல்லாமல் நின்றால் அதற்கும் வழியில்லை.

சிறு பட்டறையாயினும் பெரிய ஆலையாயினும் பின்பற்றத்தக்க நான்கு முறைகளைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, எந்த இயந்திரம் நின்றால் உயிருக்கு ஆபத்து, எது நின்றால் உற்பத்தி நிற்கும், எது நின்றாலும் ஒருநாள் பொறுக்கலாம் என்று பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கவனம் என்றால் எதற்கும் கவனம் இராது. பொறுக்கக்கூடியதை உடையும்வரை ஓட்டுவதிலும் பிழையில்லை.

இரண்டாவது, குறிப்பேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு குறைக்கும் எதிரே ஒரு தேதியும் ஒருவர் பெயரும் இருத்தல் வேண்டும். வெறும் கையெழுத்து போதாது. இதை நான் என்ன விலை கொடுத்துக் கற்றேன் என்பதை முன்னமே சொன்னேன்.

மூன்றாவது, உதிரி பாகமும் கருவியும் ஆளும் கைக்கு வந்த பின்னரே இயந்திரத்தைத் திறவுங்கள். திறந்து வைத்துவிட்டுக் கடைக்கு ஆள் அனுப்புவது திட்டமாகாது. மீண்டும் மூடும்போது இரு அச்சுகளும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்று அளந்து பாருங்கள். பிரித்து மாட்டியதால் விளையும் கோளாறுகளுள் பல அங்கேதான் பிறக்கின்றன.

நான்காவது முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும். நள்ளிரவில் ஓடிவந்து உடைந்த பம்பைச் சரிசெய்தவனுக்கு மாலையிடுகிறீர்கள், இடத்தகும். அந்தப் பம்பு உடையாதபடி பார்த்துக்கொண்டவனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவனுடைய வேலை வெற்றி பெற்ற நாளில் ஆலையில் ஒன்றுமே நிகழ்வதில்லை. ஆகவே அவனை நீங்களாகத்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

அந்த முதிய பிட்டர் இப்போது இல்லை. ஓய்வு பெறும்வரை, அவர் எழுதிய குறிப்பை அன்றே படித்து, அன்றே தேதி குறித்துவந்தேன். விரல் இழந்த இளைஞன் பிற்காலத்தில் அதே ஆலையில் போர்மேன் ஆனான். தன் கீழ் வேலை செய்வோருக்கு அவன் முதல்நாள் கற்றுக்கொடுப்பது, திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்பது எப்படி என்பதைத்தான்.